பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள்: எந்தப் பதிவில் தொடங்குவது?

"பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனி என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே நான்கு பகுதிகள். எதைத் தொடுவது?" சிம்பொனி கேட்கத் தொடங்கும் நண்பர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்டுவிடும் கேள்வி இது. கேட்டுவிட்டு, "எது பெஸ்ட்? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று முடிப்பார்கள்.

அதை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முதன்முதலில் தோய்ந்து கேட்கும் பதிவு காதில் அச்சாக விழுந்துவிடும். அப்புறம் வேறு யார் வாசித்தாலும் 'என்ன இவ்வளவு வேகம்', 'இந்த இடத்தில் டிரம்பெட் இப்படிக் கேட்காதே' என்று அந்த முதல் பதிவை வைத்தேதான் அளப்போம். எனக்கும் அப்படித்தான் ஆனது. அந்தப் பிடி தளரப் பல வருடங்கள் ஆயின. அதனால் முதல் பதிவை எடுப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரண்டாவதை எடுப்பதில் இன்னும் அதிக நிதானம் வேண்டும்; முதல் பதிவு சாத்திவைத்த கதவை அதுதான் திறந்தாக வேண்டும்.

பலரும் மாறி மாறிப் பரிந்துரைக்கும் நான்கு பதிவுகளை, ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்திய நடத்துநர்களின் பெயரால், இங்கே எடை போடுகிறேன்: கரயான், கார்லோஸ் க்ளைபர், ஜான் எலியட் கார்டினர், ஃபூர்ட்வெங்லர். கடைசியில் ரிக்கார்டோ ஷாயியைப் பற்றியும் சில வரிகள்.

## எதை வைத்து அளப்பது

வேகம். பெரிய சண்டையே இதில்தான். மெல்ட்செலின் மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) வந்ததும் பீத்தோவனுக்கு அது பிடித்துப்போனது. 1817-ல் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண்களை வெளியிட்டார். ஒன்பதாவதற்கான எண்களைப் பிற்பாடு கொடுத்தார். அந்த எண்கள் பல இடங்களில் மூச்சு வாங்க வைக்கும் வேகம். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு அவர் எழுதியது 108. 'காது கேளாதவர் மனதுக்குள் கேட்ட வேகம் இது, மேடையில் நடக்காது' என்று ஒரு தலைமுறை நடத்துநர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அடுத்த தலைமுறை வாசித்தே காட்டியது. நீங்கள் எடுக்கும் பதிவு இந்த இரண்டு கரைகளில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

வாத்தியங்கள். இன்றைய வயலினில் இருப்பது பெரும்பாலும் உலோகமோ செயற்கை இழையோ கொண்ட தந்தி. பீத்தோவன் காலத்தில் குடல் நரம்பு. ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியில் இன்று வால்வு உண்டு, அன்று கிடையாது. வாசிப்பவர் ஹார்னின் வாய்க்குள் கையை நுழைத்து அடைத்துத்தான் சில ஸ்வரங்களைப் பிடிப்பார். அந்த ஸ்வரங்கள் கொஞ்சம் அமுங்கி, கொஞ்சம் கரகரத்து வரும். டிம்பனி என்ற பெரிய முரசின் தோலும் குச்சியும்கூட வேறு. கேட்பவருக்கு இதன் விளைவு ஒன்றுதான்: பழைய வாத்தியங்களில் ஓபோ, கிளாரினெட், பசூன் என்ற மர ஊதல்கள், டிம்பனி எல்லாம் வயலின் கூட்டத்துக்கு மேலே தலை தூக்கி நிற்கும். புதிய வாத்தியங்களில் வயலின் கூட்டம் அலையாக எழுந்து மற்றவற்றைத் தன்னோடு அணைத்துக்கொள்ளும்.

ஒலிப்பதிவு. மோனோவா ஸ்டீரியோவா, ஸ்டுடியோவா மேடையா, நாடாவின் இரைச்சல் எவ்வளவு.

முழுமை. ஒன்பதும் இருக்கிறதா, ஒன்பதும் ஒரே தரமா, திருப்பி வாசிக்கச் சொன்ன இடங்களைத் திருப்பி வாசிக்கிறார்களா. இந்தத் திரும்பல் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் சின்னதில்லை. மூன்றாவதான 'எரோய்க்கா'வின் முதல் பகுதியே மிக நீளம். அதில் திரும்பலும் வேண்டுமா என்று பீத்தோவனே முதலில் தயங்கினார். வாசித்துக் கேட்ட பிறகு, அது இல்லாவிட்டால்தான் கெடும் என்று முடிவெடுத்ததாக அவருடைய தம்பி பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறார்.

இவற்றோடு ஒரு சோதனை இடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிவு கைக்கு வந்தாலும் நான் முதலில் போய் நிற்கும் இடம் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி பிறக்கும் அந்த அரை நிமிடம். நடுவில் இடைவெளி கிடையாது. எல்லாம் அடங்கிப்போய், வயலின் கூட்டம் மூச்சை அடக்கினாற்போல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். அடியில் டிம்பனி மட்டும், யாரோ இருட்டில் கதவைத் தட்டுவது மாதிரி, மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கும். மேலே முதல் வயலின்கள் மூன்றாம் பகுதியின் மெட்டைத் துண்டு துண்டாக எடுத்துத் தடவிக்கொண்டே ஏறும். கடைசிச் சில நொடிகளில் எல்லாம் ஒரேயடியாகப் பெருகி, 'சி மேஜர்' ஸ்வரக்கூட்டு உடைத்துக்கொண்டு வரும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த மூன்று டிரம்போன்களும் பிக்கோலோவும் கான்ட்ராபசூனும் அந்த இடத்தில்தான் முதல்முறையாக வாய் திறக்கின்றன. ஒரு நடத்துநர் பீத்தோவனைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது இந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## கரயான், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1963

1961 டிசம்பரில் தொடங்கி 1962 நவம்பரில் முடித்து, 1963-ல் எட்டு எல்பி தட்டுகளாக ஒரே பெட்டியில் டாய்ச்ச கிராமஃபோன் வெளியிட்டது. பெர்லினின் புதிய ஃபில்ஹார்மோனி அரங்கம் அப்போது திறந்திருக்கவில்லை. டாலெம் பகுதியிலுள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். அந்தத் தேவாலயத்தின் ஒலி இந்தப் பதிவின் பாதி அழகு. எதிரொலி இருக்கிறது, ஆனால் குழப்பமில்லை. செல்லோவும் டபுள் பாஸும் தரையிலிருந்து எழுந்து வருவதாகத் தோன்றும்.

ஃபூர்ட்வெங்லர் மறைந்த பிறகு அதே ஆர்க்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றவர் கரயான். ஆனால் இந்தத் தொகுப்பில் அவர் மனதில் இருந்தது இத்தாலிய நடத்துநர் டோஸ்கனினியின் வேகமும் இறுக்கமும் என்று பலரும் சொல்வார்கள். கேட்டால் அது சரிதான் என்று படுகிறது. எங்கும் இழுவை இல்லை. சோதனை இடத்தில் பெருக்கம் வழவழவென்று, எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் வளர்கிறது. நான்காம் பகுதி ஒளிவீசும் சுவராக எழுந்து நிற்கிறது. பாடகர்களும் சேரும் ஒன்பதாவதில் குண்டுலா யானோவிட்ஸின் சோப்ரானோ அந்தப் பெரும் இரைச்சலுக்கு மேலே வெள்ளிக் கம்பி மாதிரி போகும். அந்தக் குரலுக்காகவே நான் இந்த ஒன்பதாவதை மறுபடி மறுபடி எடுத்திருக்கிறேன்.

குறைகள் உண்டு. டிம்பனி அடிகள் தனித்தனியாகக் காதில் விழுவதில்லை, பெருக்கத்தில் கரைந்துவிடுகின்றன. மர ஊதல்களுக்கும் அதே கதிதான். எரோய்க்காவில் முதல் பகுதித் திரும்பல் இல்லை. ஆறாவதான 'பாஸ்டோரல்'தான் எனக்கு ஏமாற்றம். வயல்வெளியில் நடக்க வேண்டிய இசை வண்டியைப் பிடிக்க ஓடுகிறது. அந்த ஒரு சிம்பொனியை மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது இது சரி: ஒன்பதையும் ஒரே கையில், நல்ல ஸ்டீரியோவில், சமச்சீரான தரத்தில் வேண்டும் என்பவருக்கு. வீட்டில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் சரி.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. கரயான் ஒன்பது சிம்பொனிகளையும் ஒருமுறை மட்டும் பதிவு செய்யவில்லை. 1950-களில் லண்டன் ஃபில்ஹார்மோனியாவோடு ஒரு தொகுப்பு. அப்புறம் பெர்லினோடு 60-களிலும் 70-களிலும் 80-களிலும் ஒவ்வொன்று. ஒரே நடத்துநர், ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, ஒரே நிறுவனம் என்பதால் ஸ்ட்ரீமிங்கில் மூன்றும் கலந்து கிடக்கும். அட்டையைப் பார்த்து ஏமாறாமல் பதிவு ஆண்டைப் பாருங்கள். 80-களின் டிஜிட்டல் பதிவு, என் காதுக்கு, மூன்றிலும் கடினமான ஒலி.

## கார்லோஸ் க்ளைபர், வியன்னா ஃபில்ஹார்மோனிக்: ஐந்தும் ஏழும்

இது தொகுப்பே இல்லை. இரண்டே சிம்பொனிகள். ஐந்தாவதை 1974-லும், ஏழாவதை 1975-76-லும் பதிவு செய்தார். பிற்பாடு இரண்டும் ஒரே சிடியில் வந்தன. மொத்தம் 72 நிமிடத்துக்குள் அடங்கும். க்ளைபர் தன் வாழ்நாளில் பதிவு செய்ததே கொஞ்சம். ஒப்புக்கொண்டு ரத்து செய்த கச்சேரிகளே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை. ஆனால் எடுத்துக்கொண்டதை அடிமுதல் நுனிவரை யோசித்து வைத்திருப்பார்.

முதல் நான்கு ஸ்வரங்களைக் கேளுங்கள். பல பதிவுகளில் அது அறிவிப்புப் பலகை மாதிரி நின்று நிதானித்து வரும். க்ளைபரிடம் அது பாய்ச்சல். நான்காவது ஸ்வரத்தின் நீட்சி முடிவதற்குள் அடுத்த அலை எழுந்துவிடுகிறது. அதே பகுதியில் பின்னால், எல்லாம் நின்றுபோய் ஓபோ மட்டும் தனியே ஒரு சின்ன வரியைப் பாடும் இடம் இருக்கிறது. சுற்றிலும் அவ்வளவு ஆவேசம் இருப்பதால்தான் அந்த ஒற்றைக் குரல் நம்மை உலுக்குகிறது. க்ளைபர் அங்கே அழுத்தம் எதுவும் சேர்க்கவில்லை. ஓபோவை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, அது முடிந்த கணத்தில் ஆர்க்கெஸ்ட்ராவை மறுபடி மேலே ஏவுகிறார்.

சோதனை இடத்தில் அவர் செய்வது எனக்கு இன்றுவரை புதிர். ஒலி ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கடைசி நொடிவரை கையில் எதையோ மிச்சம் வைத்திருக்கிறார். திறக்கும்போது அந்த மிச்சமும் சேர்ந்து விழுகிறது. நான்காம் பகுதியின் திரும்பலையும் விடாமல் வாசிக்கிறார். அதனால் அந்த வெற்றி முழக்கம் இரண்டு முறை கிடைக்கிறது.

ஏழாவதில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் மேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில். பீத்தோவன் காலத்து வழக்கமும் அதுதான். கடைசிப் பகுதியில் இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று வாக்கியத்தை வீசிப் பிடிப்பது இடக் காதிலிருந்து வலக் காதுக்குத் தாவும். ஹெட்ஃபோனில் கேட்டால் உட்கார முடியாது. இரண்டாம் பகுதியின் முடிவில் இன்னொரு விஷயம்: அச்சுப் பிரதிகளில் கடைசி ஸ்வரங்களை வில்லால் வாசிக்கச் சொல்லியிருக்கும், க்ளைபர் விரலால் மீட்டியே முடிக்கிறார். வில் இழுத்து முடித்தால் அது பெருமூச்சு. மீட்டி முடித்தால் விளக்கு அணைவது. நான் பல வருடங்கள் இதை மட்டுமே கேட்டுவிட்டு, பிறகு வில்லோடு கேட்டபோது வேறு ஏதோ இசை என்று திகைத்திருக்கிறேன். முதல் பதிவு அச்சாகிவிடும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

மறைவான செலவும் அதிலேயே இருக்கிறது. இந்த 72 நிமிடம் மற்ற ஏழு சிம்பொனிகளுக்கு நியாயமில்லாத அளவுகோலை மனதில் வைத்துவிடும். நான்காவதும் ஆறாவதும் அவருடைய மேடைப் பதிவுகளாகக் கிடைக்கின்றன. ஒன்பதாவது இல்லை. எரோய்க்காவும் இல்லை. பசி தீராது.

எப்போது இது சரி: இதுவரை ஒரு சிம்பொனிகூட முழுதாகக் கேட்காதவருக்கு. 'இந்த இசையில் என்னதான் இருக்கிறது' என்று ஒருவர் கேட்டால் நான் வேறெதையும் யோசிக்காமல் இதைத்தான் கொடுப்பேன்.

## கார்டினர், பழைய வாத்தியங்களோடு, 1994

ஜான் எலியட் கார்டினர் 1989-ல் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ராவின் பெயர் 'ஒர்கெஸ்த்ர் ரெவொல்யூசியொனேர் எ ரொமாந்தீக்'. குடல் நரம்பு, வால்வில்லாத ஹார்ன், அந்தக் காலத்து டிம்பனி, சற்றுத் தாழ்ந்த சுருதி. ஆர்க்கிவ் நிறுவனம் 1994-ல் ஒன்பதையும் வெளியிட்டது. ஒன்பதாவதில் பாடுவது அவருடைய மான்டெவெர்டி பாடகர் குழு.

முதல்முறை கேட்கும்போது பலருக்கும் இது ஒல்லியாகப் படும். எனக்கும் பட்டது. கரயானின் அகலத்துக்குப் பழகிய காதுக்கு வயலின் எங்கே போயிற்று என்று தோன்றும். பத்து நிமிடம் பொறுத்தால் வேறு ஒன்று நடக்கிறது. சோதனை இடத்துக்கே வருவோம். இங்கே டிம்பனியின் ஒவ்வொரு தட்டும் தனியே, உலர்ந்து, துல்லியமாகக் கேட்கிறது. கரைந்துபோன பின்னணியாக இதுவரை கேட்டது உண்மையில் ஒரு ஆள், ஒரு கை, ஒரு குச்சி என்று தெரிகிறது. நான்காம் பகுதி உடைத்துக்கொண்டு வரும்போது டிரம்போன்கள் பளபளப்பாக இல்லை. கரடுமுரடாக, தெருவில் இறங்கிய கூட்டம் மாதிரி வருகின்றன. கான்ட்ராபசூன் அடியில் உறுமுவதை நான் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பதிவில்தான். அதற்கு முன் எத்தனையோ முறை கேட்ட சிம்பொனி அது. அந்த வாத்தியம் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

வேகம் பீத்தோவனின் எண்களை ஒட்டியே போகிறது. ஒன்பதாவது சுமார் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். கரயானின் 1962 பதிவு 67 நிமிடம். இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. முதல் இரண்டு பகுதிகள் தீப்பிடிக்கின்றன. ஆனால் மூன்றாம் பகுதி, அந்த மெதுவான பகுதி, சுமார் 12 நிமிடத்தில் போய்விடுகிறது. தாளில் எழுதிய எண்ணுக்கு இது நேர்மையானதுதான். அங்கே உட்கார்ந்து அழ வேண்டும் என்று வருகிறவருக்கு உட்காரவே இடம் கிடைக்காது. எனக்கு இந்த விஷயத்தில் மனம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.

ஒன்றாவது, இரண்டாவது, நான்காவது, எட்டாவது: இந்த நான்கு 'சின்ன' சிம்பொனிகளுக்கு கார்டினர்தான் என் தேர்வு, சந்தேகமே இல்லை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் இவற்றை மரியாதையோடு வாசித்துக் கடந்துவிடும். இங்கே எட்டாவது ஒரு வெடிச்சிரிப்பு. இரண்டாவதின் கடைசிப் பகுதி விக்கலும் துள்ளலுமாகப் பாய்கிறது.

எப்போது இது சரி: வாத்தியங்களைத் தனித்தனியே பின்தொடர ஆசைப்படுபவருக்கு, ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்புப் பிரதியை, கையில் வைத்துக் கேட்பவருக்கு, கரயானையோ அவர் மாதிரியான பெரிய ஒலியையோ கேட்டுப் பழகி, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பவருக்கு.

## ஃபூர்ட்வெங்லர், பைராய்ட், 1951: ஒன்பதாவது மட்டும்

1951 ஜூலை 29. போருக்குப் பிறகு ஜெர்மனியின் பைராய்ட் இசை விழா மறுபடி தொடங்கிய நாள். இசையமைப்பாளர் வாக்னர் தன் ஆப்பராக்களுக்காகக் கட்டிய அரங்கில் ஃபூர்ட்வெங்லர் பீத்தோவனின் ஒன்பதாவதை நடத்தினார். மேடைப் பதிவு, மோனோ. இருமல் கேட்கும், நாற்காலி கிரீச்சிடும், உச்சத்தில் ஒலி நெரியும். மொத்தம் சுமார் 74 நிமிடம். மூன்றாம் பகுதி மட்டுமே 19 நிமிடத்துக்கு மேல்.

மெட்ரோனோம் எண்களை இங்கே மறந்துவிடுங்கள். ஃபூர்ட்வெங்லருக்கு வேகம் ஓர் எண் இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும் மூச்சு. கடைசிப் பகுதியில் ஆனந்த கீதத்தின் மெட்டு முதல்முறை வரும் இடத்தைக் கேளுங்கள். அதற்கு முன் ஒரு நீண்ட மௌனம். பதிவு நின்றுவிட்டதோ என்று கையை நீட்டும் அளவுக்கு நீளம். அப்புறம் செல்லோக்களும் டபுள் பாஸ்களும், கேட்கிறதா இல்லையா என்ற மெல்லிய ஒலியில், ஒரு மனிதன் தனக்குள் நினைவுபடுத்திப் பார்ப்பதுபோல் அந்த மெட்டைத் தொடங்குகின்றன. பிறகு வியோலா, பிறகு வயலின்கள், ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். பாடகர் எழுந்து வாய் திறப்பதற்குள் நமக்கே அந்த மெட்டு சொந்தமாகிவிடுகிறது. முடிவிலோ தலைதெறிக்கும் வேகம். கடைசி நொடிகளில் ஆர்க்கெஸ்ட்ராவே பின்தொடர முடியாமல் தடுமாறுகிறது. ஸ்டுடியோவாக இருந்தால் மறுபடி வாசிக்கச் சொல்லித் திருத்தியிருப்பார்கள். திருத்தாமல் விட்டதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

இங்கே மறைவான செலவு அதிகம். முதலாவது, காதின் களைப்பு. பழைய மோனோ ஒலியில் 74 நிமிடம் உட்காரப் பழக்கம் வேண்டும். இரண்டாவது, 'அந்த இரவின் பதிவு' எது என்பதிலேயே வழக்கு இருக்கிறது. இஎம்ஐ வெளியிட்டதற்கும், பின்னாளில் பவேரிய வானொலியின் நாடாவிலிருந்து வந்த பதிப்புக்கும் வித்தியாசங்கள் உண்டு. ஒத்திகையிலிருந்தும் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். மூன்றாவது, இதைக் கேட்டு மயங்கி ஃபூர்ட்வெங்லரின் 'முழுத் தொகுப்பு' என்று விற்கப்படுவதை எடுத்தால், அது ஒட்டுப்போட்ட துணி. வியன்னா ஸ்டுடியோ பதிவுகள் சில. இரண்டாவது 1948-ல் லண்டனில் மேடையில் பதிவானது. ஒலி மிக மோசம். எட்டாவது அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில், வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா.

எப்போது இது சரி: ஒன்பதாவதை வேறொரு தெளிவான பதிவில் குறைந்தது நான்கைந்து முறை கேட்டு முடித்தவருக்கு. முதல் பதிவாக ஒருபோதும் வேண்டாம்.

## ஷாயியைப் பற்றிச் சில வரிகள்

கரயானின் ஒலியும் வேண்டும், கார்டினரின் வேகமும் வேண்டும் என்றால் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவோடு ரிக்கார்டோ ஷாயி பதிவு செய்து டெக்கா 2011-ல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. பீத்தோவன் உயிரோடு இருந்த காலத்திலேயே, 1825-26 பருவத்தில், ஒன்பதையும் வாசித்து முடித்த ஆர்க்கெஸ்ட்ரா அது. புதிய வாத்தியங்கள், மெட்ரோனோம் எண்களுக்கு மிக நெருக்கமான வேகம், திரும்பல்கள் உண்டு, ஒலிப்பதிவு புதியது, சுத்தமானது. சில இடங்களில் இசை மூச்சு விடவே நிற்காது, அதுதான் எனக்குள்ள மனக்குறை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கரயான் 1963 | க்ளைபர் | கார்டினர் | ஃபூர்ட்வெங்லர் 1951 |
|---|---|---|---|---|
| எத்தனை | ஒன்பதும் | 5, 7 | ஒன்பதும் | 9 |
| வேகம் | விறுவிறுப்பு | பாய்ச்சல், ஆனால் நெகிழ்வு | பீத்தோவன் எண்களை ஒட்டி | மூச்சுக்கு மூச்சு மாறும் |
| முன்னால் நிற்பது | வயலின் கூட்டம் | தாளத்தின் உந்தல் | மர ஊதல், டிம்பனி | மௌனமும் பெருக்கமும் |
| ஒலி | ஸ்டீரியோ, அகலம் | ஸ்டீரியோ, நெருக்கம் | டிஜிட்டல், தெளிவு | மோனோ, மேடை |
| பலவீனம் | ஆறாவது | மற்ற ஏழு இல்லை | ஒன்பதாவதின் மெதுவான பகுதி | காது களைக்கும் |

## கேட்கும் கருவி செய்யும் வினை

எந்தப் பதிவை எடுத்தாலும் அதைக் கெடுக்கக்கூடியவை மூன்று உண்டு.

மேலே சொன்ன சோதனை இடம் இரண்டு டிராக்குகளின் நடுவில் விழுகிறது. இடைவெளியில்லாமல் ஓட்டும் வசதி உங்கள் செயலியில் இல்லாவிட்டால், பெருக்கம் உச்சத்தைத் தொடும் அதே கணத்தில் அரை நொடி மௌனம் வெட்டும். நான் பயன்படுத்திய ஒரு செயலியில் இப்படித்தான் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம், பீத்தோவனே அங்கே ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்கோரைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆறாவதிலும் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகள் ஒட்டியே வரும்; அங்கும் இதே ஆபத்து. அமைப்புகளுக்குள் போய் முதலில் இதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, எல்லா டிராக்கின் ஒலியளவையும் சமமாக்கும் வசதி. சினிமாப் பாட்டுக்கு அது சௌகரியம். சிம்பொனியில் அது மெதுவான பகுதியைத் தூக்கி, ஆர்ப்பரிக்கும் பகுதியை அமுக்கிவிடும். அணைத்துவிடுங்கள், அல்லது முழு ஆல்பத்துக்கும் சேர்த்துச் சமமாக்கும்படி மாற்றுங்கள்.

மூன்றாவது, கேட்கும் இடம். ஓடும் வண்டியின் இரைச்சலில் ஃபூர்ட்வெங்லரின் செல்லோக்கள் உங்களுக்குக் கிடைக்கவே மாட்டார்கள். பயணத்தில் மட்டுமே கேட்க முடியும் என்றால் க்ளைபரும் கார்டினரும் தாங்குவார்கள். அவர்களுடைய தாளம் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வரும். ஒன்பது சிம்பொனிகளையும் கேட்டு முடிக்க ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஒரே வாரத்தில் முடிக்க வேண்டாம்.

## சரி, நீங்கள் எதை எடுப்பது

புதிதாக வருகிறீர்கள் என்றால் க்ளைபரின் ஏழாவது. ஐந்தாவது இல்லை, ஏழாவது. ஐந்தாவதின் முதல் நான்கு ஸ்வரம் எங்கெங்கோ கேட்டுச் சலித்திருக்கும். ஏழாவது உங்களைத் தயாராக இல்லாத நேரத்தில் பிடிக்கும். இரண்டாம் பகுதியின் அந்த நடையை ஒருமுறை கேட்டவர் திரும்பி வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

முழுத் தொகுப்பு ஒன்றுதான், அதுவும் ஒரே ஒருமுறைதான் வாங்குவேன் என்றால்: வீட்டில் ஸ்பீக்கரில் கேட்பவர் கரயானை எடுங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவர் கார்டினரை எடுங்கள். இந்தப் பிரிவினை பலருக்கும் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் என் அனுபவம் இதுதான். கரயானின் ஒலி அறையை நிரப்பும்போதுதான் முழுதாகிறது. கார்டினரின் விவரங்கள் காதுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் பிரிந்து தெரிகின்றன.

ஏற்கெனவே ஒன்று கையில் இருக்கிறது, பல வருடமாகக் கேட்கிறீர்கள் என்றால் அதற்கு நேர் எதிரானதை எடுங்கள். கரயான்காரர்களுக்குக் கார்டினர். கார்டினர்காரர்களுக்கு ஃபூர்ட்வெங்லரின் ஒன்பதாவது. முதல்முறை பிடிக்காது, அது இயல்பு. முழு சிம்பொனியையும் கேட்க வேண்டாம். சோதனை இடத்தை மட்டும், அல்லது ஒன்பதாவதில் செல்லோக்கள் தொடங்கும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும், நான்கைந்து நாள் விட்டுவிட்டுக் கேளுங்கள். பிறகு உங்கள் பழைய பதிவுக்குத் திரும்பி வாருங்கள். டிம்பனிக்காரரை அதிலும் தேடத் தொடங்கியிருப்பீர்கள்.